கிராஸ்லிங்கிங் என்பது பார்வைத் திருத்தம் இல்லை ஐயா!



ஒரே ஒரு சொல்லோடு சண்டை போடத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சொல் "பார்வைத் திருத்தம்". மூக்குக் கண்ணாடி போடுவது பார்வைத் திருத்தம். கண்ணாடியைத் தூக்கி எறிய லேசிக் செய்துகொள்வதும் பார்வைத் திருத்தம்தான். ஆனால் கெரட்டோகோனஸ் என்ற கண் நோய்க்குச் செய்யும் கிராஸ்லிங்கிங் சிகிச்சையை இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தீப்பிடித்த வீட்டில் தண்ணீர் ஊற்றுகிறவனைப் பார்த்து, "இவர் சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவர்" என்று எழுதி வைப்பது போன்றது இது.

இந்தக் குழப்பத்தைச் செய்பவர்கள் மூன்று தரப்பினர். பணம் தர மறுப்பவர்கள் ஒன்று. ஆசை காட்டி விற்பவர்கள் இரண்டு. மூன்றாவது தரப்பு வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் நம் வயதுக்காரர்கள். மூவரையும் வரிசையாகக் கேள்வி கேட்கிறேன். அதற்கு முன் நோய் என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

கண்ணின் முன்பக்கத்தில் கைக்கடிகாரக் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. கண் தானத்தில் எடுப்பார்களே, அந்தக் கருவிழிப் படலம்தான். நடுவில் அதன் கனம் அரை மில்லிமீட்டரை விடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இந்த மெல்லிய படலமே செய்கிறது. இதைப் பிரெஞ்சில் "கோர்னே" என்போம். "கோர்ன்" என்றால் கொம்பு. கொம்பை மெல்லியதாகச் சீவினால் ஒளி ஊடுருவும், அதனால் வந்த பெயர். கெரட்டோகோனஸிலும் அதே கொம்புதான் இருக்கிறது, கிரேக்கக் கொம்பு. கூடவே ஒரு கூம்பு.

ஆரோக்கியமான படலம் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல ஒரே சீராக வளைந்திருக்கும். இந்த நோயில் அது நடுவில் மெலிந்து, பலவீனமாகி, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தாங்காமல் கூம்பு மாதிரி முன்னே தள்ளிக்கொண்டு வரும். பெரும்பாலும் 12, 13 வயதுக்கு மேல் தொடங்கி, முப்பது, முப்பத்தைந்து வயதுவரை முற்றும். பிறகு தானாகவே வேகம் குறையும். பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும், ஒன்றில் முந்தி, மற்றதில் பிந்தி. லிவர்பூலில் ஜான் நாட்டிங்ஹாம் என்ற மருத்துவர் 1854-லேயே இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதிவிட்டார். ஆகவே இது கைப்பேசி கொண்டுவந்த புது நோய் என்று யாரும் புரளி கிளப்ப வேண்டாம்.

ஆக, நோயைப் பற்றி வெகுகாலமாகத் தெரியும். தடுத்து நிறுத்த வழிதான் இல்லாமல் இருந்தது. 1888-இல் பாரிசில் எழேன் கல்ட் என்ற மருத்துவர் கண்ணாடியாலான மெல்லிய ஓடு ஒன்றைச் செய்து இந்த நோயாளிகளின் கண்ணில் பொருத்திப் பார்த்தார். இன்றைய கான்டாக்ட் லென்ஸின் பாட்டனார் அது. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் வைத்தியம் இதே இரண்டு படிதான். முடிந்தவரை லென்ஸ். முடியாதபோது, இறந்தவர் கண்ணிலிருந்து எடுத்த படலத்தை மாற்றி வைப்பது. இடையில் கூம்பு வளர்ந்துகொண்டே போகும். மருத்துவரும் நோயாளியும் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வேடிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம். தியோ சைலர், எபர்ஹார்ட் ஸ்போர்ல், கிரிகோர் வோலன்சாக் ஆகியோர் 1990-களில் ஆராய்ந்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 22 நோயாளிகள், 23 கண்கள். சிகிச்சை செய்த அத்தனை கண்ணிலும் கூம்பு முன்னேறுவது நின்றது.

எப்படி நின்றது? நம் ஊர்ப்பக்கத்து உதாரணமே இருக்கிறது. பச்சைத் தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிடுவார்கள். தோலில் இருக்கும் கொலாஜன் என்ற நார்களை அந்தச் சாறு ஒன்றோடொன்று கட்டிப் போடும், தோல் உறுதியாகும். கருவிழிப் படலமும் கொலாஜன் நார்தான். அங்கே ஆவாரம்பட்டைக்குப் பதிலாக ரைபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை விழுங்கினால் நமக்குச் சிறுநீர் மஞ்சளாகப் போகிறதே, அந்த மஞ்சள் இதுதான். படலத்தின் மேல்தோலை மெல்ல நீக்கிவிட்டு, சில நிமிஷத்துக்கு ஒரு தரம் இந்தச் சொட்டை அரை மணி நேரம் விடுவார்கள். பிறகு அளந்து வைத்த புற ஊதா ஒளியை இன்னொரு அரை மணி நேரம் காட்டுவார்கள். ஒளியும் வைட்டமினும் சேர்ந்து நார்களுக்கிடையே புதிய முடிச்சுகளைப் போடும். இப்போது ஒளியைக் கூட்டி நேரத்தைக் குறைத்துச் செய்வதும் உண்டு.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கெரட்டோகோனஸ் முற்றுவது குறைவு என்று மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். இரத்தத்தில் மிகுந்த சர்க்கரையும் இதே மாதிரி நார்களை இறுக்கிவிடுகிறது. நம்மில் பாதிப்பேர் சர்க்கரைக்காரர்கள், அதனால் சொன்னேன். அதற்காக யாரும் லட்டுக்குக் கை நீட்ட வேண்டாம்.

இப்போது முதல் தரப்புக்கு வருகிறேன்.

என் பேத்திக்கு வயது 16. லாஸ்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறாள். இரண்டு வருஷத்தில் மூன்று கண்ணாடி மாற்றினாள். ஒரு பௌர்ணமி இரவு மாடியில் நின்றபோது, "தாத்தா, எனக்கு நிலா மூணா தெரியுது. ஒரு கண்ணை மூடிக்கிட்டாலும் மூணுதான்" என்றாள். மறு வாரமே கண் மருத்துவரிடம் போனோம். படலத்தின் மேடுபள்ளத்தை வரைபடமாக எடுக்கும் டோபோகிராபி பரிசோதனை செய்தார்கள். இரண்டு கண்ணிலும் கெரட்டோகோனஸ், இடது கண்ணில் அதிகம். இடது கண்ணுக்கு உடனே கிராஸ்லிங்கிங் செய்தார்கள். செலவு என் ஒரு மாத ஓய்வூதியத்தைத் தாண்டியது. வலது கண்ணுக்கு இன்னும் செய்ய வேண்டும்.

மாப்பிள்ளைக்குக் குடும்பக் காப்பீடு இருக்கிறது. பணத்தைக் கேட்டு விண்ணப்பித்தார். நிறுவனத்திடமிருந்து வந்த பதில் நாலு வரி. "பார்வைத் திருத்தச் சிகிச்சை 7.5 டயாப்டருக்குக் குறைவாக இருந்தால் காப்பீடு பொருந்தாது." கையெழுத்து, முத்திரை, வணக்கம்.

அப்படி ஒரு விலக்கு விதி உண்மையிலேயே இருக்கிறது. நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் பொதுவாக அச்சடித்திருக்கும் விலக்குகளில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த விதியை ஒரு தரம் பொறுமையாகப் படியுங்கள். ஒளிவிலகல் குறைபாட்டால் வந்த பார்வைக் குறையைத் திருத்தும் சிகிச்சைக்கான செலவு என்றுதான் அது சொல்கிறது. கிராஸ்லிங்கிங் செய்தபின் என் பேத்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டாளா? இல்லை. அதே கண்ணாடி இன்னும் மூக்கின்மேல்தான் இருக்கிறது. பவர் ஒரு கால் கூடக் குறையவில்லை. எதையும் திருத்தாத ஒரு சிகிச்சையைப் "பார்வைத் திருத்தம்" என்று எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

முப்பத்து மூன்று வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். ஒரு மனுவைத் தள்ளுவதற்குச் சுலபமான வழி, அதைத் தவறான தலைப்பின் கீழ் போடுவதுதான். தலைப்பு மாறிவிட்டால் விதி மாறிவிடும்; விதி மாறிவிட்டால் மறுப்புக் கடிதம் தானாகத் தயாராகிவிடும். எழுதுகிறவர் மனச்சாட்சிக்கும் நோகாது. எதிர்முனையில் ஒரு பெண் குழந்தையின் வலது கண் கூம்பாகிக்கொண்டிருப்பது அந்த நாலு வரியில் எங்கேயும் தெரியாது.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். இந்த நோய் முற்றி, படலத்தையே மாற்ற வேண்டி வந்தால், அதை யாரும் பார்வைத் திருத்தம் என்று சொல்லப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துச் செய்யும் பெரிய அறுவைச் சிகிச்சை ஆயிற்றே! நெதர்லாந்தில் கிராஸ்லிங்கிங் பரவலான பிறகு, கெரட்டோகோனஸுக்காகச் செய்யும் மாற்று அறுவைச் சிகிச்சைகள் சுமார் கால் பங்கு குறைந்தன. ஆக, சின்னச் செலவை மறுத்துவிட்டுப் பெரிய செலவுக்குக் காத்திருக்கிறார்கள். தர்மத்தை விடுங்கள், வியாபாரமாகப் பார்த்தாலும் இது மூடத்தனம்.

இப்படிக் கடிதம் வந்தவர்கள் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். மருத்துவரிடம் ஒரு சான்று கேளுங்கள். நோயின் பெயர், அது முற்றிவருகிறது என்பதற்கு ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு வரைபடங்களின் அளவு, சிகிச்சையின் நோக்கம் நோயை நிறுத்துவது என்ற ஒரு வரி. சிறு பிள்ளைகளுக்கு இரண்டாவது படத்துக்குக் காத்திராமலே செய்துவிடுவார்கள். அப்படியென்றால் அந்தக் காரணத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இவற்றோடு நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை அல்லது மறுபடி மறுத்தார்கள் என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். நாங்கள் முதல் படியில் நிற்கிறோம். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை வந்துவிட்டது, பதில் வரவில்லை.

இரண்டாவது தரப்பு, விற்பவர்கள். "கிராஸ்லிங்கிங் செய்துகொள்ளுங்கள், கண்ணாடிக்கு விடை கொடுங்கள்" என்ற தோரணையில் பேசுகிறவர்களைப் பார்த்துவிட்டேன். இது பொய். சிலருக்குக் கூம்பு ஓரளவு தட்டையாவது உண்டு, ஆனால் அதை வாக்குறுதியாகக் கொடுக்க முடியாது. செய்த பிறகு மூன்று நாலு நாள் கண்ணில் மணல் கொட்டியது போல எரியும். கட்டுப் போல ஒரு லென்ஸ் வைத்து அனுப்புவார்கள். முதல் சில வாரங்கள் பார்வை முன்னைவிட மங்கலாகக்கூட இருக்கும். அரிதாகக் கிருமித் தொற்று, தழும்பு போன்ற தொல்லைகளும் வரலாம். பிறகும் கண்ணாடியோ கெட்டி லென்ஸோ வேண்டும். சிலருக்கு மறுபடியும் முற்றுவது உண்டு. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்கிறவர்தான் நல்ல மருத்துவர். மிகைப்படுத்தி விற்கிறவர் தனக்குத் தெரியாமலே காப்பீட்டுக்காரருக்குச் சாட்சி சொல்கிறார். நீங்களே பார்வைத் திருத்தம் என்று விளம்பரம் செய்தால் அவர் ஏன் அப்படி எழுத மாட்டார்?

எல்லாருக்கும் இது தேவையும் இல்லை. நாற்பத்தைந்து வயதில், வருஷக்கணக்காக மாறாமல் இருக்கும் கூம்புக்கு முடிச்சுப் போடச் சொன்னால், "முற்றுகிறது என்பதற்கு அளவு எங்கே?" என்று கேளுங்கள். படலத்தின் கனம் எவ்வளவு என்றும் கேளுங்கள். ஒளி கண்ணின் உட்பகுதியைத் தாக்காமல் இருக்க 400 மைக்ரான் வேண்டும் என்பது டிரெஸ்டன் காலத்து விதி. அதற்கும் மெலிந்துவிட்டால் வேறு முறைகள் உண்டு, அது தனிப் பேச்சு. "புற ஊதா ஒளி கண்ணுக்குக் கெடுதல் இல்லையா?" என்று என்னிடம் கேட்டவர்களுக்கும் இதுவே பதில். அந்த மஞ்சள் சொட்டு ஒளியின் பெரும்பகுதியைப் படலத்திலேயே உறிஞ்சிவிடுகிறது.

விற்பவர்களில் "கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்" என்று பலகை வைத்திருப்பவர்களையும் சேர்த்துக்கொள்கிறேன். பிள்ளை மோவாயை வைத்தால் இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பும். சிலிண்டர் பவர் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஏறுவதைப் பார்த்தும், ஏன் ஏறுகிறது என்று கேட்காமல் புது ஃபிரேமைக் காட்டுவார்கள். ரெட்டினாஸ்கோப் என்ற சின்னக் கைக்கருவியால் கண்ணில் ஒளி பாய்ச்சினால், கெரட்டோகோனஸில் அந்த வெளிச்சம் கத்தரிக்கோல் திறந்து மூடுவது போல ஆடும். பழகிய கை அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடும். பெரிய இயந்திரம் வேண்டாம், அக்கறை வேண்டும். பள்ளிக்கூடங்களில் கண் முகாம் நடத்தி இலவசக் கண்ணாடி கொடுக்கிறது அரசாங்கம், வாழ்த்துகிறேன். ஆனால் போன வருஷச் சீட்டையும் இந்த வருஷச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தாவி ஏறியவர்களைக் கண் மருத்துவரிடம் அனுப்பும் வேலையையும் செய்தால்தான் அந்த முகாம் முழுமை பெறும்.

மூன்றாவது தரப்பு நாம்தான். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

பிள்ளை ஓயாமல் கண்ணைக் கசக்கினால் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? தூக்கக் கலக்கம், தூசி, சூடு, திருஷ்டி. எண்ணெய் தேய்த்துக் குளி, நந்தியாவட்டைப் பூவை ஒற்றிக்கொள், இல்லாவிட்டால் மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கு. கசக்குவதே இந்த நோய்க்கு உரம் என்பது கண் மருத்துவர்கள் பொதுவாக ஒப்புக்கொண்ட செய்தி. பாரிசில் தமியேன் கத்தினேல் என்ற மருத்துவர் ஒரு படி மேலே போய், கசக்காவிட்டால் கூம்பே வராது என்கிறார். அவ்வளவு தூரம் போக மற்றவர்கள் தயாராக இல்லை. பரம்பரையும் உண்டு என்கிறார்கள். யார் சொல்வது சரியாக இருந்தாலும், கசக்கும் கையை எடுத்துவிடுவதில் நஷ்டம் யாருக்கு? அரிப்புக்குக் காரணம் ஒவ்வாமை என்றால் அதற்கு முறையான மருந்து இருக்கிறது. கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு சொட்டை மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் புரையும் வரும். அரிப்புக்கு மருந்து வாங்கப் போய்ப் பார்வையை விலைக்குக் கொடுத்த கதையாகும்.

அடுத்தது கல்யாணப் பேச்சு. என் பேத்திக்குச் சிகிச்சை என்றதும் உறவுக்கார அம்மாள் ஒருவர் வந்து, "பொண்ணு கண்ணுல என்னவோ லேசர் வெச்சாங்கன்னு தெரிஞ்சா நாளைக்கு வரன் வருமா? கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கலாமே" என்றார். இது லேசரும் இல்லை, ஒளிக்கவேண்டிய சங்கதியும் இல்லை. இங்கிலாந்தில் 10 வயதிலிருந்து 16 வயது வரையுள்ள 60 பேரை இரண்டு பிரிவாக்கி ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒன்றரை வருஷத்தில், கிராஸ்லிங்கிங் செய்தவர்களில் 7 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது. வெறும் கண்ணாடி, லென்ஸோடு இருந்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு முற்றியது. 2021-இல் வெளியான கணக்கு. ஒன்றரை வருஷத்திலேயே இப்படி என்றால், ஜாதகம் பொருந்தி, நாள் பார்த்து, கல்யாணம் முடியும்வரை அந்தக் கூம்பு நமக்காகக் காத்திருக்குமா? சிறு வயதில்தான் அது மிக வேகமாக ஓடுகிறது.

இதற்கு எதிர்த் திசையிலும் ஓர் அவசரம் உண்டு. வரன் பார்க்கும் முன், வேலைத் தேர்வுக்கு முன், கண்ணாடியை ஒழிக்க வேண்டும் என்று பிள்ளையை லேசிக்குக்கு இழுத்துக்கொண்டு போவது. உள்ளே மறைந்திருக்கும் கெரட்டோகோனஸோடு லேசிக் செய்தால், ஏற்கெனவே மெலிந்த படலத்தை இன்னும் சீவி எடுத்ததாகும். கூம்பு பாய்ந்து வளரும். முன்கூட்டி டோபோகிராபி எடுக்காத இடத்தில் லேசிக் பேச்சையே எடுக்காதீர்கள்.

நம் தலைமுறைக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. கண் தானத்துக்குக் கையெழுத்துப் போட்டு, அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறோம். நம் கூட்டங்களில் படிவம் கொடுத்தால் போட்டி போட்டுக்கொண்டு வாங்குகிறோம். மெத்தச் சரி. ஆனால் தானமாக வரும் படலங்கள் தேவைக்கு எப்போதும் போதவில்லை. அதைப் பொருத்திக்கொண்டாலும், தலைமயிரை விட மெல்லிய தையல்களோடு மாதக்கணக்கில் இருக்க வேண்டும். உடல் அதை வெளியே தள்ளிவிடுமோ என்ற கவலை ஆயுள் முழுக்க உண்டு. செத்த பிறகு யாரோ ஒரு பிள்ளைக்குக் கண் கொடுக்கத் தயாராக இருக்கும் நாம், உயிரோடு இருக்கும்போதே நம் வீட்டுப் பிள்ளையின் சொந்தப் படலத்தைக் காப்பாற்றலாம் அல்லவா?

இந்த ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் வரும்போது மூன்று காரியம் செய்யுங்கள். கண்ணைக் கசக்குகிறார்களா என்று கவனியுங்கள். பழைய கண்ணாடிச் சீட்டுகளை எடுத்து வரச்சொல்லி, சிலிண்டர் என்ற கட்டத்தில் இருக்கும் எண் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஏறினால் கண்ணாடிக் கடைக்குப் போகாமல் கண் மருத்துவரிடம் போய், டோபோகிராபி வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். யாராவது அதைப் பார்வைத் திருத்தம் என்று எழுதிக் கொடுத்தால், அந்தக் கடிதத்தை என்னிடம் கொண்டு வாருங்கள். பதில் எழுத எனக்குத் தெரியும். நேரமும் நிறைய இருக்கிறது.